இல்லத்தில் இருக்க வேண்டிய ஆமை

பகவத் கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில், நிலைத்த அறிவுடையவனின் இலக்கணம் யாது என்று அர்ஜுனன் வினவுகிறான். விடை கூறும் பகவான், புலன்களை ஆளத் தெரிந்தவனுக்கு உவமையாகக் காட்டுவது ஆற்றல் மிக்க சிங்கத்தையோ யானையையோ அன்று. தன் உறுப்புகளை ஓட்டுக்குள் ஒடுக்கிக்கொள்ளும் ஆமையை. திருவள்ளுவரும் அடக்கமுடைமை அதிகாரத்தில் இதே உவமையை எடுத்தாள்கிறார். வடமொழி, தென்மொழி ஆகிய இரண்டு மரபுகளும் ஞானிக்கு ஒப்பாக ஒரே சிறிய உயிரைத் தேர்ந்தெடுத்திருப்பது சிந்தனைக்குரியது.

அவ்வாறு போற்றப்பட்ட உயிர் இன்று நாட்டின் பல நகரங்களில் அட்டைப் பெட்டிகளிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் குளியலறை மூலைகளிலும் வாழ்கிறது. குறிப்பாக நட்சத்திர ஆமை. கருமை படர்ந்த ஓட்டில் மஞ்சள் நிறக் கதிர்கள் விரிந்து விண்மீன்கள்போல் தோன்றும் அதன் அழகே அதற்குப் பகையாக அமைந்துவிட்டது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். பத்து வயதுச் சிறுவனுக்குப் பிறந்தநாள் பரிசாக, உள்ளங்கையில் அடங்கும் நட்சத்திர ஆமைக் குட்டி ஒன்றை உறவினர் கொண்டுவந்து தருகிறார். ‘குரைக்காது, கடிக்காது, ஒரு கைப்பிடிக் கீரை போதும், வீட்டுக்கும் நல்லது’ என்கிறார். சிறுவன் அதற்குப் பெயர் சூட்டுகிறான். பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் தேடுகிறான். தந்தை நல்ல மனிதர். எவ்வுயிருக்கும் தீங்கு நினையாதவர். ‘இதை வீட்டுக்குள் நோயின்றி வளர்ப்பது எப்படி?’ என்று அக்கறையோடு விசாரிக்கத் தொடங்குகிறார்.

இது நல்ல கேள்வி; அன்பிலிருந்து பிறக்கும் கேள்வி. பாதியில் நிறுத்திவிடாமல் இதை இறுதிவரை நேர்மையோடு கேட்கும் துணிவு ஒருவருக்கு உண்டா என்பதே இங்கு எழும் அறப்பிரச்சினை.

ஆமைக்கு என்ன வேண்டும்?

நட்சத்திர ஆமையின் தாயகம் இந்தியத் துணைக்கண்டம். ராஜஸ்தான், குஜராத் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய பாகிஸ்தானிலும் ஒரு கூட்டம் வாழ்கிறது. ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் ஆகியவற்றின் வறண்ட நிலங்களில் மற்றொரு கூட்டமும், இலங்கையில் இன்னொரு கூட்டமும் வாழ்கின்றன. முட்புதர்க் காடும் புல்வெளியும் மானாவாரி நிலத்தின் வரப்போரமுமே அதன் வீடு. வெயில் கடுமையாகும்போது புதருக்கடியில் ஒதுங்கியிருக்கும். மழைக்காலம் தொடங்கியதும் சுறுசுறுப்பாக மேயும், இணை தேடும்.

புல்லும் இலையும் பூவும் உதிர்ந்த கனியுமே பெரும்பாலும் அதன் உணவு. நார்ச்சத்து மிகுந்த, புரதம் குறைந்த அந்த உணவுக்கேற்ப அதன் குடல் அமைந்துள்ளது. வீட்டிலோ ரொட்டியும் பால்சோறும் நாய்க்கான தீவனமும்கூட அதன்முன் வைக்கப்படுகின்றன. வெள்ளரித் துண்டில் இருப்பது பெரும்பாலும் நீர்தான். கீரைகள் அனைத்தும் ஒன்றல்ல. பாலக்கீரையில் மிகுந்துள்ள ஆக்ஸலேட், சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது.

அந்தச் சுண்ணாம்புச் சத்துத்தான் ஆமையின் உயிர்நாடி. ஓடு என்பது அது சுமந்து திரியும் பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து இணைந்தே மேலோடு உருவாகிறது. அதில் இரத்த ஓட்டம் உண்டு, நரம்பு உண்டு, தொடுவதை அது உணரும். ஆணியால் துளையிட்டுக் கயிறு கட்டுபவர்கள் உயிருள்ள எலும்பைத் துளைக்கிறார்கள் என்பதை அறிவதில்லை.

இந்த எலும்பு உறுதிபெற வைட்டமின் டி3 வேண்டும். அதை ஆமையின் தோல் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களின் துணையோடு உருவாக்கிக்கொள்கிறது. சன்னல் கண்ணாடியோ அக்கதிர்களைத் தடுத்துவிடுகிறது. எனவே, வெயில் விழும் சன்னலருகே தொட்டியை வைத்துவிட்டோம் என்று மனநிறைவு அடைபவர், வெளிச்சத்தைக் கொடுத்து அதன் பயனைத் தடுத்துவிட்டவர் ஆகிறார். ஒளி கிடைக்காத ஆமையின் ஓடு நாளடைவில் மென்மையாகும், கால்கள் வலுவிழக்கும். இயல்பிலேயே சற்று மேடாக இருக்கும் ஓட்டுக் கட்டங்கள், அறையின் உலர்ந்த காற்றாலும் பொருந்தா உணவாலும் கூம்பு கூம்பாகப் புடைத்துக் கோணலாகும். ஒருமுறை கோணிய ஓடு பிறகு நேராவதில்லை.

வழவழப்பான தரைக்கல்லில் அதன் நகங்கள் பிடிமானமின்றி வழுக்குகின்றன. அது குளிர்இரத்தப் பிராணி. உடலின் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் அதன் செரிமானமும் நோய் எதிர்ப்பும் தளர்ந்து, நுரையீரல் நோய் பற்றுகிறது. மனிதருக்கு உள்ளது போன்ற உதரவிதானம் ஆமைக்கு இல்லாததால், அடைத்த சளியை வலுவாக இருமி வெளியேற்றவும் அதனால் இயலாது. மூக்கில் நீர்க்குமிழி தோன்றும்போதும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போதும்தான் வீட்டார் கவனிக்கின்றனர். அதற்குள் நோய் முற்றியிருக்கும். ஊர்வனவற்றின் உடலில் இயல்பாகவே தங்கும் சால்மோனெல்லா என்னும் கிருமி, கையைக் கழுவாத சிறு குழந்தைகளை நோயில் தள்ளவும் கூடும்.

புற ஊதா விளக்கு, வெப்பமும் ஈரமும் அளக்கும் கருவிகள், சுண்ணாம்புத் தூள், நார் மிகுந்த தழை, ஊர்வன வைத்தியம் அறிந்த கால்நடை மருத்துவர் ஆகிய அனைத்தையும் தேடிச் சேர்க்க முடியும் என்று ஒருவர் கூறலாம். சேர்க்கலாம், சில நோய்களைத் தள்ளிப்போடவும் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டியலை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். அதில் உள்ள ஒவ்வொன்றும் முட்புதர்க் காடு விலையின்றித் தந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றின் நகல். அப்பா கேட்ட கேள்வி இப்போது வடிவம் மாறுகிறது. ‘இதற்கு என்ன வாங்கித் தர வேண்டும்?’ என்பது போய், ‘இதனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம்?’ என்று ஆகிறது.

மௌனம் சம்மதமா?

கூண்டுக் கிளி கத்துகிறது. கட்டிய நாய் ஊளையிடுகிறது. ஆமை குரல் எழுப்புவது மிக அரிது. ஆகவே அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று முடிவு செய்வது எளிது. ‘எவ்வளவு அமைதியான பிராணி! யோகியைப்போல் இருக்கிறது’ என்று விருந்தினர் வியக்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை உணர வேண்டும். கீதை சொல்லும் ஒடுக்கம் வேறு. தொட்டியில் காணும் ஒடுக்கம் வேறு. ஞானி தன் புலன்களைத் தானே விரும்பி ஒடுக்குகிறான். வேண்டும்போது விரித்துச் செயல்படுகிறான். அது ஆற்றலின் அடையாளம். மூலையில் ஓட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஆமையோ அச்சத்தாலோ குளிராலோ நோயாலோ முடங்கியிருக்கிறது. அது ஆற்றாமையின் அடையாளம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. மனிதர்களிடையிலும் இதே மயக்கம் உண்டு. பேச இடமளிக்கப்படாதவரின் மௌனத்தைச் சம்மதம் என்றும், வழியற்றவரின் பொறுமையை மனநிறைவு என்றும் எடுத்துக்கொள்வது வலியவர்களின் பழைய வழக்கம்.

உண்மையான கருணை, குரல் வந்த பின்னரே செவி சாய்ப்பதன்று; குரலற்ற உயிரின் இயல்பை முன்கூட்டியே கற்றறிவது. ஒவ்வோர் உயிருக்கும் அதற்கென்று ஓர் இயல்பு உண்டு. அந்த இயல்பின்படி வாழ்வதே அதன் நலம். ஆமையின் நலம் சிறுவனின் மகிழ்ச்சியிலிருந்து அளக்கப்படுவதில்லை. ஆமையின் இயல்பிலிருந்தே அளக்கப்பட வேண்டும்.

அந்த இயல்பின் நுட்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. எப்படி வைத்தாலும் தானே உருண்டு ஒரே நிலையில் வந்து நிற்கும் ‘கோம்போக்’ என்னும் வடிவத்தை ஹங்கேரி நாட்டின் காபோர் டோமோகோஷ், பீட்டர் வார்கோனி ஆகிய இருவரும் 2006-இல் உருவாக்கிக் காட்டினர். பின்னர் ஆமைகளின் ஓடுகளை ஆராய்ந்தபோது, அவ்வடிவத்துக்கு மிக நெருங்கி அமைந்தவற்றுள் ஒன்றாக அவர்கள் கண்டது நட்சத்திர ஆமையின் உயர்ந்த ஓட்டை. கவிழ்ந்தாலும் பெரிதும் தன் வடிவத்தின் துணையாலேயே நிமிர்ந்துவிடும்படி அது படைக்கப்பட்டுள்ளது. அதைத் தூக்கி நிறுத்த மனிதனின் கை தேவைப்படவில்லை.

பரத மன்னனின் மான்

‘விலைக்கு வாங்குவது தவறாக இருக்கலாம், சாலையில் அடிபடவிருந்த ஆமையை எடுத்து வந்து வளர்ப்பது எப்படித் தவறாகும்?’ என்று கேட்கலாம். இக்கேள்விக்குப் பாகவதத்தில் வரும் ஜடபரதரின் வரலாறு ஒளி தருகிறது. சுவாமி விவேகானந்தர் 1900-இல் கலிபோர்னியாவில் இவ்வரலாற்றைத் தனிச் சொற்பொழிவாகவே எடுத்துரைத்தார்.

அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்துவந்தார் பரதர். சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி ஆற்றைத் தாவிய சூல்மான் ஒன்று குட்டியை ஈன்று மாண்டது. நீரில் தத்தளித்த குட்டியைப் பரதர் காப்பாற்றினார். அதுவரை நடந்தது அறம், அதில் ஐயமில்லை. அதன் பின்னர்தான் நூலிழை தவறியது. குட்டி வளர்ந்தது, புல் மேயக் கற்றது, மான்கூட்டத்துக்கு உரியதாயிற்று. ஆனால் அது கண்ணில் படாத ஒரு பொழுதும் பரதரால் பொறுக்க முடியவில்லை. நாட்டையே துறந்தவர் ஒரு மானைத் துறக்க முடியாமல், இறுதி மூச்சிலும் அதையே நினைத்து மான்பிறவி எய்தினார்.

மானுக்குப் பரதர் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பரதருக்கு மான் தேவைப்பட்ட காலம் ஒன்று வந்தது. முதலாவது கருணை, இரண்டாவது பற்று. இரண்டும் ஒரே முகத்தோடு, ஒரே கனிவோடு வருவதால்தான் பரதர் போன்ற தவசீலரும் தடம் மாறினார். கருணைக்கும் பற்றுக்கும் இடையே உள்ள எல்லையைக் காட்டும் கேள்வி ஒன்றே: இந்த உறவு இப்போது யாருடைய தேவையை நிறைவேற்றுகிறது?

சிறுவனின் வீட்டில் இக்கேள்விக்கு விடை சொல்வது கடினமன்று; ஏற்பதுதான் கடினம்.

கொடுக்கப்படாததை எடுத்தல்

பதஞ்சலி முனிவர் வகுத்த ஐந்து யமங்களில் அகிம்சையை அனைவரும் அறிவர். அதே வரிசையில் அஸ்தேயமும் அபரிக்கிரகமும் உள்ளன. பிறருடையதை எடுக்காமை அஸ்தேயம். தேவைக்கு மிஞ்சியதைச் சேர்த்துவைக்காமை அபரிக்கிரகம். காட்டு உயிரைக் காட்டிலிருந்து எடுப்பது இம்மூன்றையும் ஒருசேர மீறுகிறது.

‘ஒரே ஓர் ஆமை; அதனால் என்ன குறைந்துவிடும்?’ என்ற எண்ணம் எழும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. துணியில் சுற்றி, அசையாதபடி கால்களை ஒட்டுநாடாவால் கட்டி, பயணப்பெட்டிகளில் அடுக்கிக் கடத்தப்படுவனவற்றுள் எத்தனையோ வழியிலேயே மடிகின்றன. அந்த ஆயிரங்களுக்கு வெளியே தனியாக ‘ஒரே ஓர் ஆமை’ என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் ‘ஒன்று’ சேர்ந்தே அந்த எண்ணிக்கை உருவாகிறது. வீட்டுக்கு வந்த குட்டி ஒன்று என்றால், அதன் பின்னால் வந்து சேராத குட்டிகள் பல. பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே பெண் ஆமை முட்டையிடத் தொடங்குகிறது. ஆகவே இழந்த கூட்டம் விரைவில் மீள்வதில்லை.

நாட்டின் சட்டமும் இதை உணர்ந்தே அமைந்துள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் உரிய அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2016-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது. 2019-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை விதிக்கும் முதல் பட்டியலில் இதைச் சேர்த்தன. காப்பகத்தில் பிறந்த ஆமைகளை உரிமத்தோடு வளர்க்கப் பிற நாடுகள் சில இடமளிக்கின்றன. இந்தியாவில் கைமாறும் குட்டிக்கு அத்தகைய பிறப்பு வரலாறு பெரும்பாலும் இருப்பதில்லை. அது வயலோரத்துப் புதரிலிருந்து வந்தது.

சிலர் பக்தியின் பெயரால் ஆமையை வைத்திருக்கின்றனர். திருமாலின் கூர்மாவதாரத்தை நினைவூட்டும் உயிர் வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்பது அவர்களது நம்பிக்கை. ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலுள்ள ஸ்ரீகூர்மம் ஆலயத்தில் பெருமாள் கூர்ம வடிவிலேயே எழுந்தருளியுள்ளார். அங்கு நட்சத்திர ஆமைகள் பக்தியோடு பார்க்கப்படுகின்றன. அந்த பக்தியின் உட்பொருள் வணக்கம். வீட்டுத் தொட்டியில் இருப்பது வணக்கமா, வணிகமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாற்கடல் கடைந்த நாளில் மந்தர மலையைத் தாங்கியவர் கூர்மமூர்த்தி. அவருடைய வடிவின்மீது மனிதன் இன்று தன் பொருளாசையை ஏற்றி வைக்கிறான். இறைவனின் வடிவம் என்று உண்மையாகவே நம்புபவன் அதைச் சிறை வைப்பானா?

விடுவதற்கும் ஒரு முறை உண்டு

இவ்வளவையும் உணர்ந்த ஒருவர், உணர்ச்சி மேலீட்டால் அன்று மாலையே ஆமையை ஊர்ப்புறத்துப் புதரில் விட்டுவிட்டு வரக்கூடும். அதுவும் பிழையே. வடமேற்கில் வாழும் கூட்டமும் தெற்கில் வாழும் கூட்டமும் மரபணு அளவில் வேறுபட்டவை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆமையை ஏதோ ஓரிடத்தில் விட்டால், அவ்விடத்துக் கூட்டத்தோடு அது கலந்து அதன் தனித்தன்மையைக் குலைக்கலாம். வீட்டில் பற்றிய நோயைப் பரப்பலாம். அல்லது இரை தேடத் தெரியாமல் தானே மடியலாம். விட்டுவிட்ட மனநிறைவு மனிதனுக்கு; விளைவு ஆமைகளுக்கு. ஒரு நிமிட உணர்ச்சியில் விடுவதும், ஒரு நிமிட ஆசையில் எடுப்பதும் ஒரே மனத்தின் இரு பக்கங்கள்.

முறையான வழி, வனத்துறையிடம் தெரிவித்து ஒப்படைப்பதே. மருத்துவப் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் முடிந்த பின்னர், அதன் எதிர்காலத்தை அறிந்தவர்கள் முடிவு செய்வார்கள். 2018-இல் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் கர்நாடகத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. கடல் கடந்து சென்றவற்றுக்கே திரும்பும் வழி உண்டென்றால், பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்ததற்கு இல்லாமல் போகாது.

ஒப்படைக்கும் வரை அதைப் பேணுவதும் கடமை. தரைக்கல்லில் விடாமல் மண்ணோ உலர்புல்லோ பரப்பிய இடம், காலை வெயிலும் ஒதுங்க நிழலும், புல்லும் நார் மிகுந்த தழையும், தலை மூழ்காத ஆழமற்ற தட்டில் நீர் ஆகியன போதும். தேவையின்றித் தூக்கக் கூடாது. தொட்டவர்கள் கையைக் கழுவ வேண்டும். இவை உடைமையாளனின் கவனிப்பு அல்ல. வழிப்போக்கனைத் தன் இல்லத்தில் தங்கவைத்து, அவன் ஊருக்கு அனுப்பிவைப்பவனின் கவனிப்பு.

சிறுவனிடம் இதை எப்படிச் சொல்வது? அப்பாவின் முன் இருக்கும் மிகக் கடினமான பணி இதுவே. ‘சட்டம் தண்டிக்கும்’ என்று சொல்லி வாங்கிவிடலாம். அப்போது பையன் அச்சத்தைக் கற்பான். அவன் தூங்கும்போது எடுத்துச் சென்றுவிடலாம். அப்போது அவன் வஞ்சனையைக் கற்பான். ‘உன் அன்பு தவறன்று, நீ நேசிப்பதால்தான் அதற்கு எது நல்லது என்று கேட்கிறோம்’ என்று அமர்ந்து பேசி, அவனையும் உடனழைத்துச் சென்று அவன் கையாலேயே ஒப்படைக்கச் செய்தால், அவன் அழுவான், சில நாட்கள் உண்ண மறுப்பான். ஆயினும் பரதர் தம் வாழ்நாள் முழுவதும் கற்க இயலாத பாடத்தை அவன் பத்து வயதில் கற்றிருப்பான். அந்தக் கண்ணீருக்கு இழப்பின் வலி உண்டு. குற்றவுணர்வின் கறை இராது.

கீதையின் உவமை அப்போது அவ்வீட்டில் புதிய பொருள் பெறுகிறது. ஆமை தன் காலை உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்து மனிதன் கற்க வேண்டியது, அழகான எதைக் கண்டாலும் பற்றிக்கொள்ள நீளும் தன் கையைத் தானே இழுத்துக்கொள்வதை.

வீட்டுக்குள் வரவேண்டியவை

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று தமிழில் ஒரு பழமொழி வழங்குகிறது. ஆமை என்னும் உயிருக்கு எந்தக் குடியையும் கெடுக்கும் ஆற்றல் இல்லை. பாவம், அது பாட்டுக்குப் புல் மேய்வது. குடியைக் கெடுப்பவை பொறாமையும் போதாமையும் கல்லாமையும்தான் என்று பெரியோர் இப்பழமொழிக்குப் பொருள் விரிப்பர்.

அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். இல்லத்தில் இருந்தே ஆக வேண்டிய ஆமைகளும் உண்டு. திருவள்ளுவர் அவற்றைத் தனித்தனி அதிகாரங்களாகவே வகுத்து வைத்துள்ளார்: பிறர்பொருளை விரும்பாத வெஃகாமை, பிறர்க்குரியதைக் கவராத கள்ளாமை, எவ்வுயிருக்கும் துன்பம் தராத இன்னா செய்யாமை, உயிரைப் போக்காத கொல்லாமை. இவற்றை வளர்க்கத் தொட்டி வேண்டா, விளக்கு வேண்டா, உரிமமும் வேண்டா. இவை குடியேறிய வீட்டில், பெட்டிக்குள் அடைபட்ட ஆமைக்கு இடமிராது. அது தன் நட்சத்திரங்களோடு தன் புல்வெளியில், முதல் மழைக்குப் பின் முளைத்த தளிரை மேய்ந்துகொண்டிருக்கும்.